கணக்கில் ஏறாத பிடி அரிசி

செஞ்சி வட்டாரத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் நெடுங்காலமாக உலவி வருகின்றன. பஞ்ச காலத்தில் கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்பது வெளியார் பேச்சு. வெள்ளைக்காரர் பணத்திலேயே கோயிலும் பள்ளிக்கூடமும் நடந்ததால் கொடுக்கப் பழகாதவர்கள் என்பது சபைக்குள்ளேயே, அதுவும் பிரசங்கபீடத்திலிருந்தே கேட்கிற பேச்சு. இரண்டும் ஒரே கருத்தின் இரண்டு முகங்கள்: இந்த மக்கள் வாங்கினார்கள், கொடுக்கவில்லை. அனந்தபுரம் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்ச் சபைகளின் பழைய நிலையை எண்ணிப் பார்த்தால் இது அப்படியே நிற்காது என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் ரூபாயில் கொடுக்கவில்லை. ரூபாயில் எழுதிய கணக்குப் புத்தகத்தை மட்டும் புரட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

செஞ்சிக்குக் கிறிஸ்தவம் முதலில் வந்தது அரண்மனை வழியாக. 1597-ல் இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலாஸ் பிமெண்டா செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டார். தம் நாட்டில் கோயில் கட்ட நாயக்கர் இசைவு தந்தார். கொடை மேலிருந்து கீழே வருகிற ஏற்பாடு அது. பிற்பாடு இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் புராட்டஸ்டண்ட் சபைகள் வேரூன்றிய கதை வேறு. ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் வட ஆற்காட்டிலிருந்து தெற்கே திண்டிவனம், செஞ்சி வரை பரவியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி, தென்னாற்காட்டிலும் சரி, திருநெல்வேலியிலும் சரி, ஊர் ஊராக மக்கள் சபையில் சேர்ந்தார்கள். இங்கே சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரியில் வாழ்ந்த படியாட்கள்; கூலியைத் தானியமாக வாங்கியவர்கள். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதற்கு மேல் ஓர் அணா அளவுக்குக் காசும் போதும் என்று அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் விதித்ததை நினைவில் வைத்துக்கொண்டால், கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்ற ஏளனத்தின் கொடுமை விளங்கும். பசித்தவன் கஞ்சி வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கஞ்சி நின்ற பிறகும் அவன் சபையில் இருந்தானா, இருந்து என்ன செய்தான் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உபதேசியார், ஆசிரியர் சம்பளம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் தானியக் கூலி வாங்குகிற வீட்டில் காசு எங்கே புழங்கும்? அந்த வீடு கொடுக்க முடிந்தது மூன்றுதான்: தானியம், உடலுழைப்பு, உபதேசியாருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. மண் சுவர் வைத்து ஓலை வேய்ந்த ஜெபவீட்டுக்கு மண் குழைத்த கை யாருடையது? இரண்டு மழைக்கு ஒரு முறை கூரை பிரித்து வேய்ந்தவர்கள் யார்? இவற்றுக்கு ரசீது போட எவருக்கும் தோன்றியிருக்காது. தானியம் கொடுத்த முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உலை கொதிக்கும்போது அளந்து எடுத்த அரிசியிலிருந்து வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரையில் தனியாக வைத்திருக்கும் கலயத்தில் போடுவாள். செஞ்சிப் பக்கத்து ஏழை வீட்டில் நெல்லரிசி அன்றாடம் வேகவில்லை. ஆகவே பல வீடுகளில் அது கேழ்வரகாகவோ கம்பாகவோதான் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்குப் போகும். எல்லாருடைய தானியமும் ஒன்றாகக் கொட்டப்பட்டு, படியால் அளந்து விற்கப்படும். அல்லது உபதேசியார் வீட்டுக்குப் போகும். விற்றால் கிடைத்த அணாக்கள் கணக்கில் ஏறும். உபதேசியார் வீட்டு அடுப்புக்குப் போனால் ஏறாது. மிஷன் அறிக்கைகளில் சுதேச சபையாரின் காணிக்கை என்று காட்டப்படும் சிறிய தொகை விற்பனைக்கு வந்த பங்கு மட்டுமே. அதை வைத்து மக்களின் கொடையை அளந்தால் அளவு குறையத்தான் செய்யும்.

இந்தப் பிடி அரிசி வேதாகமத்திலிருந்து நேரே இறங்கியதல்ல. வேதாகமம் தசமபாகத்தையும் முதற்பலனையும் பேசுகிறது. இரண்டுமே நிலமும் மந்தையும் உள்ளவனுக்கு வைத்த கணக்கு. நிலமில்லாதவன் எதில் பத்தில் ஒன்று எடுப்பான்? அவனுக்குப் பொருந்திய முறை நாட்டில் ஏற்கெனவே இருந்தது. விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலாவை ஊர் நாடார் குடும்பங்கள் பிடி அரிசி திரட்டி நடத்தியது பலரும் அறிந்த செய்தி. அங்கே வியாபாரச் சரக்கின் மேல் மகமை எடுக்கிற உறவின்முறை ஏற்பாடும் சேர்ந்து நின்றது. பின்னாளில் காஞ்சி மடமும் பிடி அரிசித் திட்டத்தை ஊர்தோறும் பரப்பியது. வடகிழக்கே மிசோரத்தில் இதே முறையைக் கிறிஸ்தவப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைக்கொண்டு, இன்றுவரை விடாமல் நடத்தி, ஒரு பெரிய திருச்சபையின் வரவில் கணிசமான பங்கை அதிலிருந்தே எடுக்கிறார்கள். மதம் எதுவானாலும் சமைக்கிற பெண்ணின் கை வழியாகப் பொதுநிதி திரட்டுவது இந்த மண்ணுக்குத் தெரிந்த வழி. சபை அதைக் கற்றுக்கொடுக்கவில்லை, ஏற்றுக்கொண்டது.

கொடையின் சரித்திரத்துக்கு நிறையச் சான்று வேண்டுமென்றால் தெற்கே திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். பாளையங்கோட்டையின் முதல் சிறு ஆலயம் 1785-ல் எழுந்தது. அதை எழுப்ப முன்நின்றவர் மிஷனரி அல்ல; 1778-ல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவை. ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொன்னார்கள். 1830-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் அமைந்த தரும சங்கம் இன்னும் கவனிக்கத்தக்கது. கிறிஸ்தவரானதால் ஊரில் தொல்லைக்கு ஆளான குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை. அதற்குச் சந்தா கட்டியவர்களில் உள்ளூர் உபதேசியார்களும் சபையாரும் உண்டு. வெளிப்பணம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரஷ்யாவின் டோனா பிரபு கோயில் கட்டப் பணம் அனுப்பியதால் புலியூர்க்குறிச்சி டோனாவூர் ஆயிற்று. கொடுத்த பிரபுவின் பெயரை ஓர் ஊரே சுமக்கிறது. இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய ஆலயத்துக்கு 1847 முதல் 1880 வரை கல் சுமந்தவர்களின் பெயரைச் சுமக்க ஒரு தெருகூட இல்லை. கொடை எவ்வளவு என்பதைவிட எது எழுதி வைக்கப்படுகிறது என்பதே நினைவைத் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். திருநெல்வேலிக்காரர்களுக்குப் பனை இருந்தது, கருப்பட்டி வியாபாரம் இருந்தது, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த பணம் இருந்தது. சொந்த நிலமில்லாத செஞ்சிப் படியாளை அவர்களோடு ஒப்பிடலாமா? ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டியது தோர்ணக்கல்லோடு. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டு பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுக் காசு வாங்குவதில்லை என்பது அதன் அடிப்படை. அது ஆள் அனுப்பிய இடம் நிஜாம் அரசின் தோர்ணக்கல். 1912-ல் அசரியா அங்கே அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவி ஏற்ற முதல் இந்தியர் அவர். அவருடைய சபையார் பெரும்பாலும் மாலர், மாதிகர். செஞ்சிப் படியாளுக்கு எந்த விதத்திலும் மேம்படாத வறுமையில் இருந்த தெலுங்குக் கூலிகள். அவர்களிடமும் அசரியா காணிக்கை கேட்டார், பிடி அரிசியாகவும் கோழியாகவும் உழைப்பாகவும் வாங்கினார், கிறிஸ்தவக் கொடை பற்றி ஒரு நூலும் எழுதினார். தோர்ணக்கல் பேராலயம் எழும்பி முடியக் கால் நூற்றாண்டு பிடித்து 1939-ல்தான் திறக்கப்பட்டது. ஏழை கொடுக்க மாட்டான் என்று எண்ணுவது அவனை இழிவுபடுத்துவது என்ற கருத்து அவருடையது. அது சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் அரைகுறையாகச் சரி.

ஏனென்றால் அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. இது கொடையா, வரியா? உபதேசியாரே ஆசிரியர்; மிஷனுக்கும் சேரிக்கும் நடுவே நிற்பவரும் அவரே. பிள்ளையைப் போர்டிங்கில் சேர்க்க அவர் சிபாரிசு வேண்டும், தாசில்தாருக்கு மனு எழுத அவர் கை வேண்டும். அப்படிப்பட்டவர் கலயம் எங்கே என்று கேட்டால் இல்லையென்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? வட்டிக்கு வாங்கிக் காணிக்கை வைத்த வீடுகளும் இருந்திருக்கும். இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. எனினும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பிடி அரிசிக்குப் பெயர் கிடையாது. குவியலில் விழுந்த பின் எது யாருடைய பிடி என்று பிரிக்க முடியாது. இந்த வாரம் அரைப்பிடி போட்டவளை யாரும் கண்டுகொள்ளவும் முடியாது. உபதேசியாரிடமிருந்து நெருக்கடி இருந்தாலும் அண்டை வீட்டுக்காரர் முன் வெட்கம் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலம் இதற்கு நேர்மாறு. முதல் பூசணிக்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயும் ஒரு சேவலும் மேசைமேல் வரும். கோயில் பிள்ளை உரக்க விலை கூவுவார். சந்தையில் பத்து ரூபாய்க்குப் போகிற எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போகும். கேட்கச் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும், பணமும் சேரும். ஆனால் அங்கே காசில்லாதவன் பார்வையாளன் மட்டுமே. அவன் வீட்டுப் பூசணிக்காய்க்கு மதிப்பு ஏறுவதும் அடுத்தவன் பர்சிலிருந்துதான்.

காசு முன்னேறியதற்கு ஒரு கொள்கையும் பின்னால் நின்றது. தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவுகிற சுதேச சபை என்று லண்டனில் சர்ச் மிஷனரி சங்கச் செயலாளர் ஹென்றி வென் வகுத்த திட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே மிஷன்களை ஆட்கொண்டது. தாங்குவதற்கு நிலையான வரவு வேண்டும். நிலையான வரவு என்றால் மாதச் சந்தா. ஆள்வதற்கு வாக்காளர் பட்டியல் வேண்டும். பட்டியலுக்கு யார் உறுப்பினர் என்ற சான்று வேண்டும். சந்தா ரசீது அந்தச் சான்றாயிற்று. நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆற்காடு மிஷன் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்தபோது இந்த ஏற்பாடும் கூடவே வந்தது; 1976-ல் பிரிந்த வேலூர் பேராயத்திலும் தொடர்கிறது. சபை நிதிக்குத் தவறாமல் கொடுப்பவருக்கே, சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் தேர்தலில் வாக்கு என்பது இன்றும் விதி. விளைவு, கொடையிலிருந்து அதிகாரம் பிறந்தது. எவ்வளவு கொடுத்தார் என்பது போய், கொடுத்து என்ன ஆனார் என்பது கேள்வியாயிற்று.

இந்த மாற்றத்தில் பெண்கள் இழந்ததைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. கலயத்தில் எவ்வளவு போடுவது என்ற முடிவு சமையலறையில் இருந்தது. அதற்குக் கணவனிடம் கேட்க வேண்டியதில்லை. சந்தா குடும்பத் தலைவர் பெயரில் கட்டப்படுகிறது. கோயிலில் மாட்டுகிற மின்விசிறியின் இறக்கையில் எழுதுகிற உபயக்காரர் பெயரும் பெரும்பாலும் அவருடையதே. பிறந்தநாள் காணிக்கைக் கவரும் ஸ்தோத்திரக் காணிக்கையும் பெண்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கின்றன. சில சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் இன்னும் பிடி அரிசி எடுக்கிறது. இப்போது அது பெரும்பாலும் ரேஷன் அரிசி. விற்ற காசில் பாயோ பாத்திரமோ வாங்குகிறார்கள், அது தனி நோட்டில் எழுதப்படுகிறது, சேகரத்தின் பெரிய கணக்கில் ஒரே வரியாகப் போய்ச் சேருகிறது.