வெட்டுண்ட மரத்திற்கு விலை யாது?

தோட்டப் பணியை ஒப்பந்தத்திற்கு எடுத்தவர், பட்டுப்போன மரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற பசுமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார் என்னும் செய்தியை நம்மில் பலர் கேள்வியுற்றிருப்போம். அது ஒரு வீட்டுக் கொல்லையாக இருக்கலாம். பள்ளித் திடலாகவோ பங்கு வளாகமாகவோ இருக்கலாம். வெட்டியவரிடம் வன்மம் ஏதும் இராது. கூலியாட்களுக்கு அடையாளம் தவறாகச் சொல்லப்பட்டிருக்கும். அல்லது எல்லைக்கல் எங்கே என்று எவரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவர் வந்து தலைகுனிந்து நிற்கிறார். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்கிறார். மரத்துக்குரியவர் அவ்வினாவுக்கு விடை சொல்ல இயலாமல் திகைக்கிறார். விறகின் விலையைச் சொல்வதா? புதுக்கன்றின் விலையைச் சொல்வதா? பாட்டனார் கையால் ஊன்றிய மரத்தின் நிழலை எந்தப் படிக்கல்லால் நிறுப்பது?

இத்திகைப்பு இன்று நேற்று எழுந்ததன்று. மனிதர் சட்டம் எழுதத் தொடங்கிய காலத்திலேயே இது எழுந்துவிட்டது. அவர்கள் கண்ட விடைகளைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத் தொகுப்பில் 59-ஆம் விதி இது பற்றியது. தோட்டத்துக்குரியவனின் இசைவின்றி அவன் தோட்டத்து மரத்தை வெட்டியவன் அரை மினா வெள்ளி கொடுக்கவேண்டும். அரை மினா என்பது 30 செக்கேல். இது பெருந்தொகையா, சிறுதொகையா என்று அறிய அதே தொகுப்பின் 273-ஆம் விதி நமக்கு உதவுகிறது. கூலியாள் ஒருவனுக்கு ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் நாளொன்றுக்கு 6 வாற்கோதுமை மணி எடையுள்ள வெள்ளி கூலி என்று அவ்விதி வரையறுக்கிறது. 180 மணி எடை ஒரு செக்கேல். ஆக, ஒரு மரத்திற்கான தண்டம் ஏழைத் தொழிலாளியின் 900 நாள் கூலி! கணக்கு நாம் போட்டதுதான். கூட்டிப் பார்ப்பவர் பார்க்கலாம். ஏன் இவ்வளவு கடுமை? அடுத்த விதியே காரணத்தைக் காட்டிவிடுகிறது. வெறும் நிலத்தைத் தோட்டமாக்கும்படி ஒருவனிடம் ஒப்படைத்தால், அவன் நான்கு ஆண்டுகள் அதனை வளர்க்கவேண்டும். ஐந்தாம் ஆண்டில்தான் நிலத்துக்குரியவனும் அவனும் விளைவைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்கிறது 60-ஆம் விதி. மரம் என்பது உறைந்து நிற்கும் காலம் என்பதை அந்தப் பாபிலோனியர் நன்கு அறிந்திருந்தனர். வேண்டுமென்று வெட்டினானா, தவறி வெட்டினானா என்று அவ்விதி பிரித்துப் பேசவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

ஏதென்ஸ் நகரில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்கே சில ஒலிவ மரங்கள் தனியார் நிலத்தில் நின்றாலும் அரசுக்கும் தெய்வத்துக்கும் உரியனவாகக் கருதப்பட்டன. அவற்றைப் பிடுங்கியவனுக்கு முற்காலத்தில் மரண தண்டனையே விதிக்கப்பட்டதாக அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் கூறுகிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீசியாஸ் என்னும் நாவலர் ஒருவருக்காக எழுதிக்கொடுத்த எதிர்வாத உரை இன்றும் கிடைக்கிறது. குற்றம் சாட்டியவர்கள் அம்மனிதர் ஒலிவ மரத்தை வெட்டினார் என்றுதான் முதலில் சொன்னார்கள். அதற்குச் சான்று கிட்டவில்லை. உடனே, மரத்தையன்று, மரத்தின் அடிக்கட்டையை அகற்றினார் என்று குற்றச்சாட்டை மாற்றிக்கொண்டார்கள். அடிக்கட்டைக்கும் அங்கே பாதுகாப்பு இருந்தது. அவரோ, நிலம் தம் கைக்கு வருமுன் பல கைகள் மாறியது என்றும், தாம் பெற்றபோதே அங்கு அடிக்கட்டை ஏதும் இல்லை என்றும் வாதிடுகிறார். தோற்றால் நாடுகடத்தலும் சொத்துப் பறிமுதலும் காத்திருந்தன. ஒரு கட்டைக்காகவா என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒலிவம் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மரம். அதனை அறிந்தவர் எழுதிய சட்டம் அது.

உரோமையரிடம் வரும்போதுதான் இவ்வினா நம் காலத்து வடிவத்தைப் பெறுகிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்னிரு பலகைச் சட்டம், பிறர் மரத்தை முறைகேடாக வெட்டியவன் மரம் ஒன்றுக்கு 25 ஆஸ் என்னும் செப்புப் பணம் தரவேண்டும் என்று விதித்ததைப் பிளினியின் நூலால் அறிகிறோம். இச்சட்டம் தொடர்பாகச் சட்ட வல்லுநர் காயுஸ் குறிப்பிடும் ஒரு செய்தி நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. ஒருவனுடைய திராட்சைக் கொடிகளை மற்றொருவன் வெட்டிவிட்டான். இழந்தவன் வழக்குத் தொடுத்தபோது என் கொடிகளை வெட்டினான் என்று சொல்லிவிட்டான். வழக்கு தோற்றது! பலகையில் "மரங்கள்" என்றுதானே எழுதியிருக்கிறது; ஆகவே அவன் "மரங்கள்" என்றே சொல்லியிருக்கவேண்டுமாம். எழுத்தைப் பிடித்துக்கொண்டு நீதியைக் கைவிடும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

பின்னாளில் 25 ஆஸ் என்னும் நிலைத்த தொகை மறைந்து, இழப்பின் இருமடங்கு என்னும் முறை வந்தது. அத்தோடு, வன்மம் இல்லாமல் கவனக்குறைவால் நேரும் சேதத்தையும் உரோமையர் ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சியில் அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே ஒரு மரம் கழிப்பவன்தான். இன்றைய தோட்ட ஒப்பந்தக்காரரின் மூதாதை என்று அவனைச் சொல்லலாம். மரத்தின் மேலிருந்து அவன் கிளையைக் கீழே எறிகிறான். கீழே போன அடிமை இறந்துபோகிறான். எறிந்தவன் கொல்ல நினைக்கவில்லை. ஆயினும் முன்கூட்டியே குரல் கொடுத்தானா என்று சட்டம் கேட்கிறது. கருத்துள்ள ஒருவன் முன்னறிந்து தவிர்த்திருக்கக் கூடியதைத் தவிர்க்காமல் விடுவதே குற்றம் என்று கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குவிண்டுஸ் மூசியுஸ் வரையறுத்தார். மரம் அறுக்குமுன் எல்லையைப் பாராத ஒப்பந்தக்காரருக்கு எதிராக இன்று எந்த நாட்டு வழக்கறிஞர் எழுந்து நின்றாலும், ஏறக்குறைய இதைத்தான் சொல்லியாகவேண்டும். தெரியாமல் செய்துவிட்டேன் என்பது வன்மம் இல்லை என்பதற்குச் சான்றாகும். கடன் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆனால் அதே உரோமையர் வேறொரு கதவை அடைத்துவிட்டனர். ஒரு பொருளின் மதிப்பு அதனை ஒருவர் எவ்வளவு நேசிக்கிறார் என்பதைப் பொறுத்ததன்று. எல்லாருக்கும் பொதுவான மதிப்பே மதிப்பு என்று பவுலுஸ் என்னும் சட்ட அறிஞர் எழுதுகிறார். அவர் தரும் எடுத்துக்காட்டு நம் நெஞ்சை உறுத்துவது. ஒருவன் பெற்ற மகனே அவனுக்கு அடிமையாக இருக்கிறான். அவனை வேறொருவன் கொன்றுவிடுகிறான். தகப்பன் அவனுக்காக எவ்வளவும் கொடுத்திருப்பான் என்பதற்காக இழப்பீடு கூடாது. சந்தையில் ஓர் அடிமைக்கு என்ன விலையோ அதுவே. மகனுக்கே இக்கதி என்றால் மாமரத்துக்கு என்ன? இதனை உரோமையரின் கல்நெஞ்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கண்ணீரை அளக்க முற்பட்டால் கண்ணீர் பெருகும் என்னும் அச்சமும் அதில் உண்டு. இருப்பினும் இந்த விடை நமக்கு நிறைவளிக்கவில்லை.

விவிலியத்தை அறிந்த நமக்கு நாபோத்து நினைவுக்கு வருவான். அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தில், ஆகாபு அரசன் அவனிடம் முதலில் கேட்டது அநியாயமான பேரமன்று. அரண்மனைக்கு அடுத்திருந்த திராட்சைத் தோட்டத்தைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். மாற்றாக அதைவிடச் சிறந்த தோட்டம் தருவதாகவும், வேண்டுமானால் வெள்ளியாகவே தருவதாகவும் சொன்னான். சந்தை மதிப்புக்குக் குறைவில்லை, மேலாகவே இருந்தது. நாபோத்தோ, மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டான். அரசனின் கண்ணுக்கு அது நிலம். நாபோத்தின் கண்ணுக்கு அது முன்னோர். அடுத்து நேர்ந்த பொய்ச்சாட்சியும் கல்லெறிதலும் வாசகர் அறிந்தவையே. சிறந்ததொரு மாற்றைத் தருகிறோமே, இன்னும் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள் என்று எரிச்சலடையும் ஒவ்வொருவரிடமும் ஆகாபின் சாயல் சிறிது இருக்கிறது.

நம் நாட்டிலும் இக்கணக்கு பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நகரச் சோலைகளில் பூவோ, கனியோ, நிழலோ தரும் மரங்களின் தளிரைக் கிள்ளினால் 6 பணம், சிறுகிளையை முறித்தால் 12 பணம், பெருங்கிளைக்கு 24 பணம் என்று படிப்படியாகத் தண்டம் கூட்டிச்சென்று, அடிமரத்தை வெட்டினாலும் வேரோடு அழித்தாலும் இன்னும் உயர்ந்த தண்டங்களை வைக்கிறது. எல்லையில் நிற்கும் மரத்துக்கும் வழிபாட்டு இடத்து மரத்துக்கும் இருமடங்கு. தமிழகத்திலோ மரம் அரசனின் மானமாகவே நின்றது. பகைவன் காவல்மரத்தை வெட்டுவது அவன் கொடியைச் சாய்ப்பதற்கு ஒப்பானது. நன்னன் என்னும் வேளிர் தலைவனின் கதையைக் குறுந்தொகை நமக்குச் சொல்லி வைத்திருக்கிறது. அவனுடைய மாமரத்திலிருந்து விழுந்து ஆற்றில் மிதந்து வந்த காய் ஒன்றை நீராடச் சென்ற பெண் ஒருத்தி அறியாமல் தின்றுவிட்டாள். அவள் எடைக்கு நிறை பொன்னால் செய்த பாவையும் 81 களிறுகளும் தருவதாகச் சொல்லியும் ஏற்காமல் நன்னன் அவளைக் கொன்றான். பின்னர்க் கோசர்கள் அவனுடைய அந்த மாமரத்தை வெட்டிவிட்டார்கள். மரத்தின்மேல் வைத்த பற்று எங்கே அறம் இழக்கிறது என்பதற்கு இதனைவிடத் தெளிவான கதை நமக்குக் கிட்டாது. தவறு செய்தவரின் தலையைக் கேட்கும் அன்பு, அன்பன்று.

ஆக, ஒரு பக்கம் நேசத்துக்கு விலையே இல்லை என்ற உரோமையர். மறுபக்கம் எவ்விலையும் போதாது என்ற நன்னன். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண முயன்ற ஒரு வழக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது. அயல்நிலத்தார் சிலர் தம் நிலத்துக்கு வழி வேண்டி, மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு ஹெனிங்கர் என்னும் குடும்பத்தின் நிலத்தின் ஊடே பாதை திறந்தார்கள். 225 மரங்கள் அழிந்தன அல்லது சிதைந்தன. விசாரணை நீதிமன்றம் நிலத்தின் விலையைப் பார்த்தது. பாதை வந்ததால் விலை 5,000 டாலர் கூடியிருந்தது! விலை ஏறியிருக்க, இழப்பு எங்கே என்று இழப்பீட்டை மறுத்துவிட்டது. பவுலுஸ் இருந்திருந்தால் தலையசைத்திருப்பார். ஆனால் 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. நிலத்துக்குரியவர் அதன் இயற்கை அழகுக்காகவே அதனை வைத்திருக்கலாம்; பழைய நிலையை மீட்க அவருக்குத் தனிப்பட்ட காரணம் இருக்கலாம்; அப்படியானால் மீட்கும் செலவைக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. உடனே ஓர் எல்லையும் வகுத்தது. எல்லா மரங்களையும் மீண்டும் வைக்க 2 லட்சத்து 21 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிடப்பட்டிருந்தது; அது நிலத்தின் முழு விலையையே விஞ்சும்; அது நியாயமன்று. இயன்ற அளவு, நியாயமான செலவில் மீட்பது எவ்வளவு என்று மீண்டும் ஆராயும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. நேசத்துக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. ஆனால் நீதிபதியின் நாற்காலி அன்று.

அதே மாநிலத்துச் சட்டம் மற்றொரு நுட்பத்தையும் காட்டுகிறது. பிறர் மரத்தை வேண்டுமென்றே வெட்டியவர் இழப்பின் மும்மடங்கு வரை தரநேரலாம். தற்செயலாகவோ, தம்முடைய நிலம் என்று தக்க காரணத்தோடு நம்பியோ வெட்டியவர் இருமடங்கு தரவேண்டும். உரிமம் பெற்ற நில அளவையாளர் குறித்த எல்லையை நம்பி வெட்டியிருந்தால் உண்மையான இழப்பு மட்டுமே. அறியாமை ஒரே வகையானதன்று என்று இதற்குப் பொருள். விசாரித்தபின்னும் அறியாதவர் ஒருவர். விசாரிக்கவே இல்லாதவர் வேறொருவர்.

இலண்டனின் வடக்கே என்ஃபீல்டு பகுதியில் 2025 ஏப்ரலில் நடந்தது இப்பிரிவினையின் அருமையை உணர்த்தும். நகராட்சிக்குரிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த உணவக நிறுவனம் ஒன்றின் பேரில், 500 ஆண்டு வயதிருக்கலாம் என்று சொல்லப்பட்ட ஓக் மரம் ஒன்று வெட்டப்பட்டது. மரம் ஆபத்தானது என்று ஒப்பந்தக்காரர்கள் சொன்னதை நம்பினோம் என்றது நிறுவனம். நகராட்சியோ, மரம் நலமாகவே இருந்தது, புதுத்தளிரும் விட்டுக்கொண்டிருந்தது என்றது. நிறுவனத்தின் தலைவர் வருத்தம் தெரிவித்தார். ஊரார் மொட்டையாக நின்ற அடிமரத்தின் முன் கூடினர். ஒப்பந்தக்காரர் சொன்னதை நம்பினோம் என்னும் சொல்லை உரோமை மூசியுஸ் கேட்டிருந்தால், குத்தகைதாரர் நில உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாதா என்றுதான் வினவியிருப்பார் என நாம் எண்ணுகிறோம்.

இவ்வரலாற்றில் நடைமுறைக்கு உதவும் செய்தி ஒன்றும் இருக்கிறது. பிழை செய்த ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு, அடிக்கட்டையையும் பெயர்த்தெடுத்து, இடத்தைச் சமன்செய்து தருவதாகச் சொல்வார். அதற்கு உடனே இசைந்துவிடலாகாது. இன்று மரங்களை மதிப்பிடும் வல்லுநர்கள் அடிமரத்தின் சுற்றளவைக் கொண்டே கணக்கைத் தொடங்குகின்றனர். மரத்தின் இனம், வளர்ச்சி, அது நோயுற்றிருந்ததா இல்லையா என்பவற்றை அறிவதற்கும் அந்தக் கட்டையே சான்று. அளந்து, படமெடுத்து, இருதரப்பும் கையெழுத்திட்ட பின்னரே அதன்மேல் கடப்பாரை படவேண்டும். அது துளிர்க்கும் இனமாயின், ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை. கி.மு. 480-இல் பாரசீகர் ஏதென்ஸ் கோட்டைக்கு எரியூட்டியபோது அங்கிருந்த ஒலிவமும் வெந்துபோயிற்று. மறுநாள் சென்றவர்கள் அதன் அடிக்கட்டையில் ஒரு முழ நீளத் தளிரைக் கண்டதாக எரோடோட்டஸ் எழுதுகிறார். ஒரே நாளில் ஒரு முழம் என்பதை நாம் அப்படியே நம்பவேண்டியதில்லை.