ஒரே பெட்டி, வேறு வேறு கட்டடம்

கலிபோர்னியாவின் மான்டரேயில் மாதிரி ரயில் ஆர்வலர் ஜான் ஆலன் தன் வீட்டின் நிலவறையில் 1:87 அளவில் ஒரு மலை ரயில் உலகையே எழுப்பினார். அதன் எஞ்சின் கொட்டகை அவரே அடியிலிருந்து செய்தது. பின்னாளில் ரெவெல் நிறுவனம் அந்த வடிவத்தைத் தழுவிப் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து விற்றது. ஒருவர் கைவேலை ஆயிரம் மேசைகளுக்குப் போனது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே கொட்டகை!

அதற்கு மாற்று, பெட்டியில் வந்ததை வெட்டி ஒட்டி வேறொன்றாக்குவது. இந்தக் கலையை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆர்ட் கரன். 1988-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். சாதாரணக் கடையும் கிடங்கும் அவர் கையில் தொழிற்சாலையாகின.

வேலை பொறுமையைக் கேட்கும். பத்தடிச் சுவர் 1:87 அளவில் மூன்றரை சென்டிமீட்டர்தான். ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகட்டில் கத்தியால் இரண்டு மூன்று முறை கீறி மடக்கினால் கோட்டிலேயே நறுக்கென்று ஒடியும். மூலைகளை 45 டிகிரிக்கு அரத்தால் தேய்த்து, தூரிகை நுனியால் கரைப்பானைத் தொட்டால் போதும். இரு விளிம்பும் இளகி ஒன்றாகிவிடும். செங்கல் வரிசைகள் மட்டும் சரியாகச் சேர வேண்டும். அங்கே பிசகினால் எந்தப் பெயிண்டும் மறைக்காது.

ஆலன் 1973-இல் காலமானார். சில நாட்களிலேயே தீ அந்த ரயில் உலகின் பெரும்பகுதியை அழித்தது. மிகப்பெரிய இழப்பு அது. ரெவெல் கொட்டகைகளை மட்டும் ஆர்வலர்கள் தொடர்ந்து வெட்டி, நீட்டி, மாற்றிக் கட்டினார்கள்.