இடையில் இரண்டு வருஷம்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மூன்று தலைமுறையின் மார்க்குப் பட்டியல்கள் இருக்கின்றன. தாத்தாவுடையது இன்டர்மீடியட், தோல்வி. அப்பாவுடையது பி.யூ.சி.; அதுவும் தோல்வி. என்னுடையது பிளஸ் டூ, தேர்ச்சி. 1998ல் என் பட்டியலை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்த தாத்தா, "அட, நீ இன்டர் பாஸ் பண்ணிட்டியா? பரவாயில்லையே!" என்றார். இது பள்ளிக்கூடப் படிப்பு, காலேஜ் இனிமேல்தான் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பதினொண்ணும் பன்னெண்டும் காலேஜ் படிப்புதான். எங்களைச் சேலத்துக்கு அலைய வச்சான், உங்களுக்கு ஊரிலேயே வச்சுட்டான்" என்றார்.

அன்றைக்குச் சிரித்தேன். பிற்பாடு பழைய கமிஷன் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தபோது தாத்தாவின் பேச்சு சரித்திர உண்மை என்று தெரிந்தது. ஹைஸ்கூலுக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவில் இருக்கும் இந்த இரண்டு வருஷம், பாகம் பிரிக்காத சொத்தில் இருக்கிற கிணறு மாதிரி. இரண்டு பங்காளிகளும் 'என்னுடையது' என்பார்கள். தூர் வாரும் நாள் வந்தால் 'உன்னுடையது' என்பார்கள்.

ஆரம்பத்தில் ஹைஸ்கூல்தான் அதை வைத்திருந்தது. சென்னை ஸர்வகலாசாலை பிறந்தது 1857ல். அதே வருஷம் சேலத்தில் ஒரு ஜில்லாப் பள்ளிக்கூடம் தொடங்கியது. 1879ல் அந்தப் பள்ளிக்கூடத்தோடு எஃப்.ஏ. வகுப்பைச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு 'இரண்டாந்தரக் கல்லூரி' என்று பெயர் கிடைத்தது. 'இரண்டாந்தரம்' என்றதும் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பட்ட வகுப்பு இல்லை, அதற்கு முந்திய இரண்டு வருஷம் மட்டும் உண்டு என்பதே பொருள். ராஜதானியில் பல ஊர்களில் இப்படி ஹைஸ்கூல் கூரையின் கீழேயே காலேஜ் முளைத்தது. கீழ் வகுப்புப் பையன்கள் வாய்ப்பாடு கத்தும் சத்தத்துக்கு நடுவே மேல் வகுப்பில் தர்க்க சாஸ்திரம் நடந்திருக்கும்.

அந்த எஃப்.ஏ. லேசானதல்ல. சீனிவாச ராமானுஜனையே கவிழ்த்த பரீட்சை அது. கும்பகோணம் சர்க்கார் காலேஜில் சேர்ந்தார், பிறகு சென்னைப் பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் மனம் செல்லாமல் கடைசி வரை எஃப்.ஏ.யைத் தாண்டவே இல்லை. 1918ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியபோதும் நம் கணக்கில் அவர் 'எஃப்.ஏ. ஃபெயில்' தான். எங்கள் தாத்தா தம் தோல்வியைப் பற்றிப் பேச்சு வந்தால் ராமானுஜனைத் துணைக்கு அழைப்பது வழக்கம்.

1904ஆம் வருஷத்துச் சட்டம் காலேஜ்களின் மீது பிடியை இறுக்கியது. எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. 1917ல் அமைந்த ஸாட்லர் கமிஷன், கல்கத்தாவைப் பற்றி விசாரிக்கப் போய், நாடு முழுவதற்கும் ஒரு யோசனை சொன்னது: இன்டர்மீடியட்டை ஸர்வகலாசாலையிலிருந்து பிரித்துப் பள்ளிப் படிப்போடு இணைத்துவிடுங்கள் என்று. ஐக்கிய மாகாணம் கேட்டுக்கொண்டது. இன்றும் உத்தரப் பிரதேசத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையில் 'இன்டர் காலேஜ்' என்று பார்க்கலாம். சென்னை கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் இந்தக் கிணற்றை ஒருவர் எட்டிப் பார்த்தார். இல்லினாய் ராஜ்யத்தில் ஜோலியட் என்றொரு ஊர். அங்கே 1901ல் பொது ஹைஸ்கூலிலேயே காலேஜின் முதல் இரண்டு வருஷப் பாடத்தை நடத்திப் பார்த்தார்கள். சேர்ந்தவர்கள் ஆறு பேர். சிகாகோ ஸர்வகலாசாலைத் தலைவர் ஹார்ப்பர் அதற்கு உடந்தை. அதிலிருந்து கிளைத்ததுதான் அவர்களுடைய ஜூனியர் காலேஜ். இன்றைக்கு அந்த நாட்டு ஹைஸ்கூல் மாணவன் பள்ளியில் இருந்துகொண்டே காலேஜ் பாடம் படித்து, அதைப் பின்னால் பட்டக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடிகிறது. சேலத்தில் 1879ல் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

தாத்தா இன்டர் சேர்ந்தது 1937ல். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் வரை மாட்டு வண்டி. அங்கிருந்து சேலத்துக்கு ரயில். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் படுக்கை. காலேஜ் வாசலில் நின்றதைக் காட்டிலும் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலில் நின்ற நாட்களே அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே அவர் தோற்றதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்குப் பெரியவர், அவரைவிடச் சூட்டிகையானவர், போகவே இல்லை. இரண்டு பேரை அனுப்பக் காணி போதவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு லட்சுமணசாமி முதலியார் தலைமையில் ஒரு கமிஷன் 1952ல் கூடியது. அவர் அப்போது சென்னை ஸர்வகலாசாலையின் துணைவேந்தர். இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு, ஒரு வருஷத்தை ஹைஸ்கூலுக்கும் ஒரு வருஷத்தைப் பட்ட வகுப்புக்கும் கொடுத்துவிடலாம் என்றது கமிஷன். பாகப் பிரிவினை நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் நம் ராஜ்யத்தில் 1956ல் நடந்தது வேறு. ஹைஸ்கூல் பதினோராம் வகுப்போடு நின்றது. அதற்கு மேல் பி.யூ.சி. என்று காலேஜில் ஒரே ஒரு வருஷம் முளைத்தது.

அந்த ஒரு வருஷம் கிராமத்துப் பையன்களுக்குக் கண்டம். பதினோரு வருஷம் தமிழில் படித்தவன் ஜூன் மாதம் போய் உட்காருவான்; இங்கிலீஷில் இயற்பியல் நடக்கும். இன்னதென்று பிடிபடுவதற்குள் மார்ச் மாதம் வந்துவிடும். அப்பா 1967ல் இப்படித்தான் ஒரு காலேஜில் போய் விழுந்தார். 'வெலாஸிட்டி' என்றால் வேகம் என்று தீபாவளிக்கு அப்புறம்தான் தெரிந்ததாம்.

அத்தை தோற்கவில்லை. தோற்பதற்கும் காலேஜ் வாசலை மிதிக்க வேண்டுமே! 1969ல் எஸ்.எஸ்.எல்.சி.யில் அப்பாவைவிட நூறு மார்க்குக்கு மேல் வாங்கினாள். விழுப்புரத்தில் முந்திய வருஷம்தான் சர்க்கார் காலேஜ் வந்திருந்தது. எழுபது கிலோமீட்டருக்கு மேல். வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்? ஆத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். இதை ஒரு கமிஷனும் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. பாடத்திட்டம், தரம், முதிர்ச்சி என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, ஒரு வகுப்பு எந்த ஊரில் நடக்கிறது என்பதும் கல்விக் கொள்கைதான் என்று தோன்றவில்லை போலும்.

கோத்தாரி கமிஷன் 1966ல் 10, 2, 3 என்று வருஷங்களைப் பிரித்துக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1978ல் பி.யூ.சி.யை நிறுத்தினார்கள், பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று இரண்டு வகுப்புகள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. முதல் பிளஸ் டூ பரீட்சை நடந்தது 1980ல். ஸாட்லர் சொன்னது நடக்க அறுபது வருஷம் ஆயிற்று. அண்டை ராஜ்யங்களைப் பார்த்தால் நாம் பிந்தியவர்கள் என்றும் சொல்ல முடியாது. கேரளத்தில் ப்ரீ டிகிரி காலேஜை விட்டு முழுக்க இறங்கியது 2001 வாக்கில்தான்.

இறங்கி வந்ததில் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். நான் படித்த பள்ளியில் பிளஸ் டூ வருஷம் முழுக்க இயற்பியலுக்கு ஆசிரியர் கிடையாது. ஆய்வுக்கூடச் சாவி தலைமையாசிரியர் மேஜையில் துருப்பிடித்துக் கிடந்தது. காலேஜ் பாடத்தைத் தூக்கிக் கொடுத்தவர்கள் காலேஜ் சௌகரியத்தைக் கூடவே அனுப்ப மறந்துவிட்டார்கள். தேர்வு பெற்றேனே ஒழிய மேலே போகிற மார்க்கு வரவில்லை. கதை எழுத வந்துவிட்டேன். ஆனால் என் தங்கை அதே ஊரில், சைக்கிளில் போய் வந்து பிளஸ் டூ முடித்தாள். அவளை அனுப்பலாமா கூடாதா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அத்தை படித்த பதினொன்றுக்கும் தங்கை படித்த பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு வகுப்பு. ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்தி இன்று ஆசிரியை.

மேற்கே நிமிர்ந்தால் தெரிகிற கல்வராயன் மலையில் இந்தக் கணக்கு இன்னும் துலக்கமாக இருக்கிறது. மூன்று ஜாகீர்தார்களின் கையிலிருந்து அந்த மலை சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்ததே 1976ல்தான். இரண்டே வருஷத்தில் பிளஸ் டூ பிறந்தது. மலையாளிப் பழங்குடியினர் பிள்ளைகளுக்காக இன்று மலைமேலேயே உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அந்த இரண்டு வருஷம் இன்னும் காலேஜிடமே இருந்திருந்தால் அது மலை ஏறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. இன்னொன்றும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் என்று 2020ல் சட்டம் வந்தது. பி.யூ.சி. காலத்தில் இப்படி ஒரு சட்டத்தை எழுதவே முடிந்திராது.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது எங்கள் கருணாபுரம். 2024 ஜூன் மாதம் விஷச் சாராயத்தில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பட்டப் படிப்பு வரை செலவைச் சர்க்கார் ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பேப்பரில் அதைப் படித்துவிட்டு ஆத்தூரிலிருந்து அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள். எழுபதைத் தாண்டியவள். யார் காய்ச்சினது, யாரைப் பிடித்தார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை.

"ஏன்டா, அந்தப் புள்ளைங்களுக்குப் பன்னெண்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?" என்றாள்.

"நடக்கிற தூரந்தான் அத்தை" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.