பிடி யார் கையில்?

வத்தலக்குண்டு என்று சொன்னால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கொடைக்கானல் பஸ் மலையேறுவதற்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிற ஊர். இலக்கியம் தெரிந்தவர்கள் பி.ஆர்.ராஜமய்யர், பி.எஸ்.ராமையா என்று அடுக்குவார்கள். சரித்திரம் தெரிந்தவர்கள் சுப்பிரமணிய சிவா என்பார்கள். சிவா அங்கே பிறந்தது 1884-ல்.

அதே 1884-ல், இத்தாலியின் டூரின் நகரத்தில் ஏஞ்சலோ மொரியோண்டோ என்கிற ஓட்டல் முதலாளி ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். நீராவி அழுத்தத்தை வைத்துச் சட்டென்று காபி இறக்குகிற மெஷின். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாதுதான். ஆனால், வத்தலக்குண்டுக்கு மேலே இருக்கிற மலையும் அந்த இத்தாலி மெஷினும் ஒரே கேள்வியில் வந்து சந்திக்கின்றன. காபியின் பிடி யார் கையில்?

முதலில் மெஷினைப் பார்த்துவிடுவோம்.

நம் வீட்டு பித்தளை ஃபில்டரில் யாரும் எதையும் அழுத்துவதில்லை. மேலே வெந்நீர், நடுவில் பொடி, கீழே டிகாக்‌ஷன். பூமி இழுக்கிறது, சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. இத்தாலிக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை. 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெஸேரா, ஒவ்வொரு கப்பாகத் தனித்தனியே இறக்கித் தரும் மெஷினைக் கொண்டுவந்தார். அதுவும் நீராவிதான். சூடு அதிகம், அழுத்தம் குறைவு. காபியில் ஒரு தீய்ந்த வாசனை!

அதை மாற்றியவர் அக்கிலே காஜியா. 1947-ல் அவர் காப்புரிமை பெற்ற மெஷினில் ஒரு நீளமான கைப்பிடி இருந்தது. அதைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விட்டால், விரிகிற ஸ்பிரிங் வெந்நீரைப் பொடிக்குள் அமுக்கும். நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தத்தைப்போல எட்டு, ஒன்பது மடங்கு! கப்பின் மேலே பொன்னிறத்தில் நுரை கட்டியது. ‘இதென்ன அழுக்கு?’ என்று வாடிக்கையாளர்கள் சந்தேகப்பட்டார்களாம். ‘காபியின் க்ரீம்’ என்று பெயர் வைத்துவிட்டார் காஜியா. இன்றைக்கு அந்த நுரை இல்லாவிட்டால் எஸ்பிரஸோ என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

(நம் கல்யாண வீடுகளில் ‘எக்ஸ்பிரஸோ’ என்று புஸ்ஸென்ற சத்தத்தோடு, மேலே கோகோ பொடி தூவிக் கொடுத்தார்களே... அது வேறு. நீராவியால் பாலை நுரைக்கவைத்த இன்ஸ்டன்ட் காபி. ருசியைக் குறை சொல்லவில்லை!)

1961-ல் ஃபயேமா கம்பெனி மோட்டார் பம்ப் வைத்த மெஷினைக் கொண்டுவந்தது. கைப்பிடியை இழுக்கிற வேலை போயிற்று. கூடவே இன்னொன்றும் போயிற்று. ஸ்பிரிங் முதலில் பலமாக அமுக்கும், விரிய விரியத் தளரும். பம்ப்புக்கு அந்த நெளிவுசுளிவு தெரியாது. முதலிலிருந்து கடைசி வரை ஒரே அமுக்கு.

இப்போது இதற்கும் வழி வந்துவிட்டது. ஹாங்காங்கிலிருந்து இயங்கும் ‘டீசன்ட்’ என்ற கம்பெனியின் வீட்டு உபயோக மெஷினில் பட்டன் வரிசை, முள் காட்டும் மீட்டர் எல்லாம் கிடையாது. தலைமேல் ஒரு டேப்லெட் உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை இல்லை ஸார், சிலேட்டு மாதிரி இருக்கிற கம்ப்யூட்டர்! வெந்நீரின் சூடு, அழுத்தம், விநாடிக்கு எத்தனை மில்லி தண்ணீர் பாய வேண்டும் என்பது வரை விரலால் சொல்லிவிடலாம். காபி இறங்க இறங்கத் திரையில் கோடு கோடாக வரைபடம் ஓடும். முதலில் ஒன்பது மடங்கில் அமுக்கிவிட்டுப் படிப்படியாகக் குறை என்றும் சொல்லலாம். அதாவது, காஜியாவின் பழைய ஸ்பிரிங்கைக் கம்ப்யூட்டர் நடித்துக் காட்டும்! நேற்று நன்றாக வந்த காபியின் கணக்கைச் சேமித்துவைத்து இன்றைக்கும் அதே மாதிரி போடலாம்.

ஆக, குடிக்கிறவர் கைக்குப் பிடி வந்துவிட்டது. விளைவித்தவர் கைக்கு?

வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் பட்டிவீரன்பட்டி. அங்கிருந்து மலையேறினால் தாண்டிக்குடி. பெரிய மரங்களின் நிழலில் காபி, மரத்தின் மேலே படரும் மிளகு, இடையிடையே மலைவாழை, ஆரஞ்சு. பட்டிவீரன்பட்டி காபித் தோட்டக்காரர் குடும்பத்தில் 1893-ல் பிறந்தவர்தான் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன். சென்னை தி.நகர் பாண்டி பஜாரின் ‘பாண்டி’ இவர்தான். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டவர். காபி கிளப்புகளில் சாதி பார்த்துத் தனித்தனி இடம் ஒதுக்கிய காலம் அது. ‘பிராமணாள்’ போர்டை எதிர்த்துத் திருவல்லிக்கேணியில் பெரியாரின் போராட்டம் நடந்தது 1957-ல்! யார் எங்கே உட்கார்ந்து குடிக்கலாம் என்பதுகூட அன்றைக்குக் குடிக்கிறவர் கையில் இல்லை.

விளைவித்தவரின் பிடி போனது வேறு வழியில். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. இந்தியக் காபி தேங்கியது, விலை விழுந்தது. தோட்டங்களைக் காப்பாற்ற 1940-ல் ஓர் அவசரச் சட்டம். 1942-ல் அது காபி சட்டம் ஆனது. வீட்டுக்கும் விதைக்கும் போக, விளைந்த காபி முழுவதையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் விற்கும். பணம் தவணை தவணையாக வரும்.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் இந்த ஏற்பாடு பலரைப் பிழைக்கவைத்தது. ஆனால் போர் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், தொகுப்பு மட்டும் போகவில்லை! சொந்தத் தோட்டத்துக் காபியை ஊர்ச் சந்தையில் தன் இஷ்டத்துக்கு விற்றால் குற்றம். 1990-களில்தான் முடிச்சு மெள்ள மெள்ள அவிழ்ந்தது. முதலில் ஒரு பங்கை வெளியே விற்கலாம் என்றார்கள். பிறகு சிறு விவசாயிகளுக்கு முழு விடுதலை. 1996-ல் எல்லோருக்கும்.

விடுதலை வந்ததும் பிடி கைக்கு வந்துவிட்டதா? அங்கேதான் சிக்கல். அராபிகா விலைக்கு நியூயார்க் சந்தை, ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தை. பிரேசிலில் பனி கொட்டினால் தாண்டிக்குடியில் விலை ஏறும். அங்கே அமோக விளைச்சல் என்றால் இங்கே இறங்கும். இன்று விவசாயி கையிலும் ஒரு சின்னத் திரை இருக்கிறது. அதில் விலையைப் பார்க்கலாம். மாற்றத்தான் முடியாது.

விலையாவது போகட்டும், செடி? நட்டு மூன்று, நான்கு வருடம் காத்திருந்தால்தான் காய்ப்பு. கோடையில் மழை ஒன்று பெய்தால்தான் மொட்டு மலரும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். பழமாகச் சிவக்க எட்டு, ஒன்பது மாதம். அப்புறம் கையால் பறித்து, தோல் நீக்கி, உலர்த்தி, வறுத்து, அரைத்து... டேப்லெட் முன்னால் வந்து நிற்கும்போது காபியின் பெரும்பாலான கதை முடிந்துபோயிருக்கும். அந்த மெஷின் ஆள்வது கடைசி முப்பது விநாடியைத்தான்.

அந்த முப்பது விநாடிக்காக ஒரு மெஷினுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்க ஆள் இருக்கிறது. தப்பில்லை, ருசி அவரவர் உரிமை. ஆனால் அடுத்த முறை காபிப் பொடி வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘இது எந்த மலைக் காபி?’ சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டால் டக்கென்று சொல்கிறவர், இதற்குக் கொஞ்சம் யோசிப்பார். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் அவர் விசாரித்துவைப்பார். மலையின் பெயர் பாக்கெட்டில் ஏறும். பெயர் ஏறினால், விலை பேசும்போது அந்த மலைக்காரருக்கும் ஒரு சின்னப் பிடி கிடைக்கும்.