விரிவுரை விளங்காத மண்டபம்

மண்டபம் கட்டுகிறவர்கள் தூண், வளைவு, முகப்பு என்று கண்ணுக்குத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். காதை யார் நினைக்கிறார்கள்? அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895இல் திறக்கப்பட்ட ஃபொக் கலைக்கூடத்தை வடிவமைத்தவர் சாதாரண ஆளல்ல. அந்நாட்டின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மொறிஸ் ஹன்ட். ஆனால் அதனுள்ளே இருந்த விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் விளங்காது.

ஆளில்லாத மண்டபத்தில் எழுப்பிய ஓசை அடங்க ஐந்தரைச் செக்கனுக்கு மேல் எடுத்தது. அதற்குள் ஆறுதலாகப் பேசுபவர்கூட இன்னும் 12, 15 அசைகளைச் சொல்லிவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பின்வாங்கில் இருப்பவனுக்கு இரைச்சல்தான் மிஞ்சும். நம்முடைய வகுப்பில் ஒரு பிள்ளை “சேர், விளங்கல்ல” என்றால், அவன் கவனிக்கவில்லை என்றே முடிவு கட்டுகிறோம். சுவரையும் ஒருமுறை பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த மண்டபத்துக்கு மாதிரி, பக்கத்திலேயே இருந்த சான்டர்ஸ் அரங்கு. அங்கே பேச்சு நன்றாகக் கேட்கும். அதன் வடிவத்தை அப்படியே எடுத்தார்கள். அது மரத்தாலானது என்பதை விட்டுவிட்டார்கள். இங்கே ஓட்டுக்கல்லின் மேல் சாந்து. மரமும் துணியும் ஓசையைக் குடிக்கும், சாந்து திருப்பி அடிக்கும்.

இதைச் சரிசெய்யும்படி பல்கலைக்கழகத் தலைவர் சார்ள்ஸ் எலியட், வொலஸ் சபைன் என்ற 27 வயதுப் பௌதிகவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார். சபைன் சான்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகத் தூக்கிவந்து அடுக்கினார். ஓர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்து, ஒரு செக்கனளவுக்கு வந்தது. தான் உடுத்த உடுப்பும் ஓசையைக் குடிக்கிறது என்று கண்டதும், ஒவ்வொரு நாளும் ஒரே உடுப்போடு வந்து அளந்தாராம்! அப்படியென்றால் சபையில் இருக்கும் ஒவ்வொரு ஆளும் கட்டடத்தின் ஒரு பகுதிதான். மண்டபத்தின் கனவளவையும், அதிலுள்ள பொருட்கள் ஓசையை உறிஞ்சும் அளவையும் வைத்து, ஓசை அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சூத்திரம் இதிலிருந்துதான் பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சிம்பொனி மண்டபத்தைக் கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். இன்றும் உலகின் சிறந்த இசை மண்டபங்களில் அது ஒன்று.

ஃபொக் மண்டபத்தின் சுவர்களில் மயிர்க் கம்பளி ஒட்டினார்கள். சிறப்பென்று சொல்ல முடியாவிட்டாலும் பாடம் நடத்தக்கூடியதாயிற்று. பின்னாளில் ஹன்ட் மண்டபம் என்று பெயர் மாறிய அந்தக் கட்டடத்தை 1973இல் இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது மாணவர் விடுதி நிற்கிறது.