வண்டியூர் மாரியம்மன் கோயிலும் தெப்பத் திருவிழாவும்

வண்டியூர் மாரியம்மன் கோயில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, தெப்பக்குளத்தின் வடகரையில் உள்ளது. மாரியாகவும் துர்க்கையாகவும் வணங்கப்படும் அம்மனின் காலடியில் மகிடன் என்னும் அசுரன் கிடக்கிறான். சிலை வைகையில் கண்டெடுக்கப்பட்டதென்றும் பாண்டிய மன்னர் போருக்குப் புறப்படுமுன் இங்கு வழிபட்டனர் என்றும் தலவரலாறு சொல்லும்.

கோயிலின் புகழ் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) காலத்தில் குளத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. தம் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளத்தையே அவர் 1645-இல் குளமாக்கினார் என்பது பெருவழக்கு. தோண்டும்போது கிடைத்தவர் என்று சொல்லப்படும் முக்குறுணி விநாயகர் இன்று மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிறார்.  ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்ட குளத்தின் நடுவே மைய மண்டபம் எழுந்தது. வைகை நீர் கால்வாய் வழியே வந்தது. தெப்ப நாளாகிய தைப்பூசம் நாயக்கரின் பிறந்த நட்சத்திரத்தை ஒட்டி அமைந்தது என்பர்.

தைத் தெப்பத் திருவிழா 12 நாள் நடக்கும். தெப்பத்தைச் சரிபார்க்கும் முட்டுத்தள்ளுதலை அடுத்து, மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சிந்தாமணிக்குச் சென்று கதிரறுப்புத் திருவிழா காண்கிறார்கள். நெல் விளையும் ஊருக்கு அறுவடைக் காலத்தில் அரசியாகக் கருதப்படும் மீனாட்சியே நேரில் வரும் அழகிய சடங்கு இது. மறுநாள் இருவரும் வண்டியூர் வருவர். அவர்கள் திரும்பும்வரை மீனாட்சியம்மன் கோயிலின் நடை சாத்தியிருக்கும். கரையில் நிற்போர் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் காலையில் இரு முறையும் இரவில் விளக்கொளியில் ஒரு முறையும் மைய மண்டபத்தைச் சுற்றுகிறது.

மாரியம்மனுக்கே உரிய பெருவிழா பங்குனியில் வருகிறது. பூச்சொரிதல், தீச்சட்டி, பால்குடம் ஆகிய நேர்த்திக்கடன்கள் அப்போது நிறைவேறும். மீனாட்சி கோயில் விழாக்களுக்கு முன் மாரியம்மனிடம் உத்தரவு கேட்பது மரபு என்றும் கூறுவர்.

பிற்காலத்தில் நீர்வரத்து குன்றிக் குளம் பல ஆண்டுகள் வறண்டது. அந்நாட்களில் தெப்பம் தரையிலேயே நிற்க, நிலைத்தெப்பமாக விழா நடந்தது. குளத்துக்குள் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடினர். வைகை நீரைக் கொண்டுவரும் பனையூர் கால்வாய் சீரமைக்கப்பட்ட பின், 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளம் மீண்டும் நிறைந்து தெப்பம் நீரில் மிதந்தது.