காடு காத்த நெருப்பு

திருவண்ணாமலையில் வாழும் நாம் ஆண்டுதோறும் இருவகை நெருப்பைக் காண்கிறோம். ஒன்று, கார்த்திகையில் மலையுச்சியில் ஊரறிய ஏற்றப்படும் தீபம். மற்றொன்று, கோடையில் எவரோ கவனமின்றி விட்ட பொறி காய்ந்த புல்லில் பற்றி, இளங்கன்றுகளை அழித்து, மலைச்சரிவைக் கருக்கும் தீ. பின்னதைக் கண்டு பழகிய நமக்கு நெருப்பு காட்டின் பகை என்னும் எண்ணம் ஊன்றிவிட்டது. ஆயின், காட்டைப் பேணவே நெருப்பிட்ட மக்களும் இந்நாட்டில் உண்டு.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் தீயிடுதலைக் குற்றமாக்கிற்று. பிற மாகாணங்களிலும் இதுவே நிலை. மலைவாழ் மக்களின் தீ வெறும் அழிவென்றே அதிகாரிகள் கருதினர். அம்மக்களின் பக்கம் நின்று வழக்குரைத்தவர் வெரியர் எல்வின். 1927இல் சமயப் பணிக்காக இங்கிலாந்திலிருந்து வந்து, மானிடவியல் அறிஞராக மாறிய இவர், மத்திய இந்தியாவின் பைகா மக்களிடையே பழகி, 1939இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஏரால் நிலத்தைக் கீறுவது தாயின் மார்பைக் கீறுவதாகும் என்பது பைகாக்களின் நம்பிக்கை. ஆதலின் மரஞ்செடிகளை வெட்டி உலர்த்தி எரித்து, சாம்பலில் விதைத்தனர். சில ஆண்டுகளில் அவ்விடத்தைக் காட்டிற்கே விட்டு அகன்றனர். 'பேவர்' எனும் இம்முறையை அரசு தடுத்து, 1890இல் 'பைகா சக்' என்னும் சிறு எல்லைக்குள் ஒடுக்கியது. அதனால் பைகாக்கள் வாழ்வின் பிடிப்பையே இழந்தனர் என்பது எல்வின் கண்ட முடிபு.

பேவர் விளைச்சலுக்காக இட்ட தீயன்றோ, காட்டிற்காக இட்டது எங்கே எனக் கேட்கலாம். விடை தொலைவில் இல்லை. சத்தியமங்கலக் காடுகளை அடுத்த பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடை முற்றுமுன் 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ, இட்டுவந்தனர். ஈரம் எஞ்சிய பருவமாதலின் தீ தரையளவில் தாழ்ந்தே செல்லும், பெருமரங்கள் தப்பும், புதுப்புல் தளிர்க்கும், நெல்லி மரத்தைப் பற்றும் புல்லுருவியும் உண்ணிச்செடியும் அடங்கும். 1974இல் அம்மலை சரணாலயமாயிற்று; தீயும் நின்றது. பின்னர் உண்ணிச்செடி புதர்புதராய்ப் பரவியதற்கு அத்தடையே காரணம் எனச் சோளகர் ஆய்வாளர்களிடம் கூறினர். புதர் மண்டிய காட்டில் பற்றும் தீ உயர்ந்தெழுந்து மரங்களையும் தாக்கும். ஆகவே பழைய தீயை அப்படியே மீண்டும் இடுதலும் இனி எளிதன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி 2011இல் சோளகருக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. எனினும் சரணாலயத்தில் தீயிடுதல் சட்டப்படி இன்றும் குற்றமே.

அமானிதம் என்னும் சொல்லை நாம் நன்கறிவோம். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பதற்கு அதன் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு ஏட்டில் இல்லை. முதியோரின் நினைவில் இருக்கிறது. தீயிடும் வழக்கம் நின்ற மலைகளில், அதைக் கண்டவர்களோடு அதுவும் மறையும். நம் மாவட்டத்துச் சவ்வாது மலையிலும் காட்டோடு வாழ்ந்து முதிர்ந்தோர் உளர். எல்வினைப் போல் அவர்களருகே அமர்ந்து, கேட்டு, எழுதிவைக்க நம் இளைஞர் முன்வருவாராக!